இரண்டு நாள் தொங்காத பந்தல்

குறுக்காக வெட்டிய பாவாடையை வெட்டின கையோடு விளிம்பு மடித்துத் தைக்கக் கூடாது. இடுப்புப் பக்கத்தைப் பிடித்துக் கொடியில் இரண்டு நாள் தொங்கவிட வேண்டும். துணி தன் பாரத்திலேயே இறங்கும். ஒரு பக்கம் அரை அங்குலம் இறங்கும், இன்னொரு பக்கம் இரண்டு அங்குலம். இறங்கி முடிந்த பிறகுதான் விளிம்பைச் சமப்படுத்தி மடிக்கலாம். இரத்மலானையில் ஒரு கார்மென்ட் ஃபக்டரியில், மாதிரி உடுப்புத் தைக்கும் அறையில் ஆறு வருடம் இருந்தவள் நான். இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டே அதை மீறி, முந்நூறு பேர் வந்து உட்காரும் கலியாணப் பந்தலொன்றைக் கட்டக் கொடுத்தேன்.

அப்போது ஃபக்டரியை விட்டுவிட்டு, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் மாடி அறை எடுத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். கலியாண பிளவுஸ்கள்தான் பெரும்பாலும். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெண் அளவு பார்க்க வந்தாள். புறக்கோட்டையில் மொத்தத் துணி வியாபாரம் செய்கிற முதலாளி ஒருவரின் ஒரே மகள். அவர்கள் பிடித்திருந்த மண்டபத்தின் வீதியைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி மூடிவிட்டார்கள். கலியாணத்துக்கு மூன்று கிழமைதான் இருந்தது. வீட்டு முற்றத்திலேயே நடத்துவது என்று முடிவாகியிருந்தது.

"அப்பா தறப்பாள் கட்டப் போறாராம்க்கா," என்றாள், கையைத் தூக்கியபடி. "நீலப் பிளாஸ்ரிக் தறப்பாள். அதுக்குக் கீழ உக்காந்தா சாவு வீடு மாதிரி இருக்கும்."

நான் வாயில் ஊசிகளை வைத்துக்கொண்டு சிரித்தேன். "பந்தலுக்கும் ஒரு பாவாடை தைச்சுப் போட்டால் சரி," என்றேன்.

பகிடிக்குச் சொன்னது. அடுத்த நாள் அவளுடைய தகப்பன் போன் எடுத்தார். தன் கிட்டங்கியில் ரெயின்கோட் துணி கிடக்கிறது, கிறீம் நிறம், ஏற்றுமதிக்குப் போகாமல் நின்றது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். நான் போனேன். வாழ்க்கையில் ஒரு தரமாவது மனித உடம்பைவிடப் பெரிய ஒன்றுக்குத் தைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குள் ஓர் ஆசை இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் போயிருக்க மாட்டேன்.

பந்தல் கட்டுகிறவர் கொட்டாஞ்சேனைக்காரர். ஐம்பது வயதிருக்கும். கம்பி, கயிறு, கதிரை எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். முற்றத்தில் என்னைக் கண்டதும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"தங்கச்சி, இது உடுப்பு இல்ல. காத்து பிடிச்சா ஆளையே தூக்கிட்டுப் போகும்."

"உடுப்பும் காத்துப் பிடிக்கும் அண்ணன். அதுக்குத்தான் வெட்டு இருக்கு," என்றேன்.

நான்கு நாள் கழித்து ஒரு மாதிரி செய்துகொண்டு போனேன். அடிக்கு ஒரு அங்குலம் என்ற கணக்கில் மல் துணியில் தைத்தது. நடுவில் உயர்ந்து, எட்டுத் துண்டுகளாக விரிந்து இறங்கும், கவிழ்த்துவைத்த குடைப் பாவாடை மாதிரி. தட்டையான துணி ஒரு வளைவைப் பிடிக்க மார்புக்கு டார்ட் எடுக்கிறோமே, அதேபோல உச்சியில் எட்டு டார்ட். ஓரத் துண்டுகள் இரண்டையும் குறுக்காக வெட்டியிருந்தேன். நேராக வெட்டினால் விறைத்து நிற்கும். குறுக்காக வெட்டினால்தான் இழுக்கிற பக்கம் இழுபட்டு, அழகாக வளையும். நான்கு ஈர்க்குகளில் கட்டி, ஒரு மேசையில் வைத்து, மேலே தேத்தண்ணிக் கோப்பையால் தண்ணீர் ஊற்றினேன். ஒரு சொட்டு நிற்கவில்லை. எல்லாம் வழிந்து மேசை விளிம்பால் இறங்கியது.

பந்தல்காரர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் கோப்பையையும் எடுத்து ஊற்றினார்.

"சரி," என்றார். "தைங்க. கட்டுறது என் பொறுப்பு."

திட்டம் இதுதான். துண்டுகளை இணைத்துத் தைத்த துணியைப் புதன்கிழமை ஏற்றிக் கட்டுவது. இரண்டு நாள் அப்படியே தொங்கவிட்டு, குழாயால் தண்ணீர் அடித்து நனைப்பது. நைலோன் நனைந்தால் இன்னும் கொஞ்சம் நீளும், அதையும் நீளவிடுவது. வெள்ளிக்கிழமை இறக்கி, இறங்கின அளவுக்கு வெட்டி, ஓரத்தில் இழுபடாத தடித்த நாடாவைத் தைப்பது. ஞாயிறு பகல் முகூர்த்தம்.

புதன் காலை லொறியின் முன் சீட்டில் பந்தல்காரருக்கும் டிரைவருக்கும் நடுவில் நான் இருந்தேன். பின்னால் துணிச் சுருளும் இரும்புக் குழாய்களும் கயிறும். கொட்டாஞ்சேனைக்குத் திரும்புவதற்கு முன்னால் இருந்த செக்பொயின்றில் மறித்தார்கள். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் தினமும் மறிப்பதுதான். அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு வீதியோரம் நின்றோம்.

இளம் ஆமிக்காரன் ஒருவன் சுருளைத் தட்டிப் பார்த்தான். "மேவா மொனவாத?" இதெல்லாம் என்ன என்று கேட்டான்.

"ரெதி, மாத்தயா. மகுல் கெதறட்ட," என்றார் பந்தல்காரர். துணி, கலியாண வீட்டுக்கு.

"ஒக்கோம அரின்ன."

எல்லாவற்றையும் திறக்கச் சொன்னான். தெருவில் விரித்தோம். கிறீம் துணி தார் வீதியில் நாற்பது அடிக்குக் கிடந்தது. சைக்கிள்கள் சுற்றிப் போயின. அதுவரைக்கும் பயம் இல்லை. என் கைப்பையைத் திறந்து, பந்தல் வெட்டை வரைந்து மடித்து வைத்திருந்த பற்றன் பேப்பரை அவன் வெளியே எடுத்தபோதுதான் பயந்தேன்.

அதில் அந்த ஒழுங்கை முழுவதும் இருந்தது. வீடு, முற்றம், பக்கத்து வீட்டு மதில், மதிலின் உயரம், வாசலிலிருந்து பெரிய வீதிக்கு எத்தனை அடி, கரண்ட் கம்பி எங்கே போகிறது. எல்லாம் என் கையெழுத்தில், தமிழில், அம்புக்குறி போட்டு. வெள்ளவத்தையில் தனியாக இருக்கிற தமிழ்ப் பெண்ணின் கைப்பையில் கொழும்பு ஒழுங்கை ஒன்றின் வரைபடம்.

அவர்களில் பெரியவனைக் கூப்பிட்டான். பெரியவன் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இது என்ன, யார் வரையச் சொன்னது, ஏன் கரண்ட் கம்பியைக் குறித்தாய் என்று கேட்டான். என் சிங்களம் காய்கறி வாங்கப் போதும், இதற்குப் போதாது. "ஃப்றொக் எகக் வாகே," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரு சட்டை மாதிரி. என் பிளவுஸின் டார்ட்டைத் தொட்டுக் காட்டி, பேப்பரில் இருந்த முக்கோணத்தைக் காட்டினேன். அவன் முகம் மாறவில்லை.

இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு பெண் பொலிஸ் ஒருத்தி வந்தாள். பேப்பரை வாங்கி, தலையைச் சரித்துப் பார்த்தாள். உச்சியிலிருந்து விரிகிற எட்டுத் துண்டுகளிலும் விரலை ஓடவிட்டாள்.

"மே சாயக்நே," என்றாள். இது ஒரு பாவாடை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியவன் ஒருவாறு எங்களைப் போகச் சொன்னான். ஆனால் துணியும் குழாயும் பேப்பரும் அங்கேயே நின்றன. கலியாண வீட்டுக்காரர் பொலிசில் கடிதம் எடுத்துக்கொண்டு வந்தால் தருவார்களாம். முதலாளி வியாழன் முழுக்க அலைந்தார், வெள்ளி முழுக்க அலைந்தார். சனிக்கிழமை மத்தியானம்தான் எல்லாம் கைக்கு வந்தது.

சனி மத்தியானம். அடுத்த நாள் கலியாணம்.

முற்றத்தில் பாய் விரித்து, மெஷினை நிலத்தில் வைத்து, தொங்கவிடாத துணிக்கு நேரே நாடாவைத் தைத்தேன். கை தன்பாட்டில் தைத்தது. மனம் மட்டும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தது. நாடா நீளாது, துணி நீளும். நீண்டால் அந்த நீளம் எங்கே போகும்? நாடாவுக்கு உள்பக்கம் தொப்பை விழும். மதில் பக்கத்துக் குறுக்குத் துண்டில்தான் விழும்.

பந்தல்காரரிடம் சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்தார். "நாலு நாளா மழையே இல்ல தங்கச்சி. ஒரு நாள் தானே."

"முதலாளிக்குச் சொல்லுவமா?"

"இப்ப சொல்லி என்ன செய்றது? அந்த ஆள் மூணு நாளா நாயா அலைஞ்சிட்டு வந்திருக்காரு."

பொழுது சாய்வதற்குள் ஏற்றிக் கட்டினார்கள். நடு உச்சியை இரும்புக் குழாய்கள் தாங்கின; ஒரு பக்கம் வீட்டின் மேல்மாடிக் கம்பியில், மற்றப் பக்கம் மதிலில் அடித்த கொளுக்கிகளில். துணி எழும்பி விரிந்தபோது வீட்டுக்காரர் எல்லோரும் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். மாலை வெயில் கிறீம் துணிக்குள்ளால் வடிந்து முற்றம் முழுக்க ஒரு மங்கல் வெளிச்சம். பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். முதலாளி என்னைப் பார்த்து, "அம்மா, இப்படி ஒண்ண நான் பார்த்ததே இல்ல," என்றார்.

அந்த நேரம் சொல்லியிருக்கலாம். நீலத் தறப்பாள் ஒன்றை மேலே இழுத்துவிட இன்னும் நேரம் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. அவருக்கு இரங்கித்தான் சும்மா இருந்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. அந்தப் பாராட்டு எனக்கு வேண்டியிருந்தது.

ஞாயிறு பதினொரு மணிக்கு மழை தொடங்கியது.

மணவறையில் ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பின் வரிசையில் ஒரு தூணோடு நின்றேன். முதல் கால் மணித்தியாலம் மாதிரியில் ஓடியதுபோலவே தண்ணீர் ஓடியது. ஆட்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். பிறகு மதில் பக்கத்தில் துணியில் ஒரு நிழல் விழுந்தது. முதலில் சாப்பாட்டுத் தட்டளவு. பிறகு அண்டாவளவு. பிறகு அது கீழே இறங்கத் தொடங்கியது. அதற்குக் கீழே மூன்று வரிசைக் கதிரைகள், பெண்களும் மடியில் பிள்ளைகளுமாக.

பந்தல்காரர் மதிலோரம் ஓடினார். நானும் ஓடினேன். கொளுக்கி இருந்த இடத்தில் மதில் பூச்சு வெடித்து, விரல் போகும் அளவுக்குப் பிளவு தெரிந்தது. கயிற்றைத் தளர்த்தினால் தொப்பை இன்னும் இறங்கும். இறுக்கினால் மதில் வரும்.

முன்வரிசையிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கூரை கூட்டும் நீளத் தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு, கீழிருந்து குத்தித் தள்ளப் போனார்.

"குத்தாதேங்கோ!" என்று கத்தினேன். மந்திரம் ஒரு கணம் நின்றது. "குத்தினால் கிழிஞ்சு ஒரு முனையிலயிருந்து மற்ற முனை மட்டும் போகும்!"

முதலாளி மணவறையை விட்டு எழும்ப முடியாது. நான் அவருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"ஐயா, மதில் பக்கத்து ஆக்களை எழுப்ப வேணும். இப்பவே."

"என்னம்மா சொல்றீங்க? முகூர்த்தம் வரப்போகுது."

"மதில் விழும் ஐயா."

என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு பெண்ணின் தாயிடம் ஏதோ சொன்னார். அந்த அம்மா எழும்பிப் போய், சிரித்த முகத்தோடு, எல்லோரையும் தாலி கட்டுவதைக் கிட்ட நின்று பார்க்க வரச் சொன்னார். கதிரைகள் காலியாயின. அப்படி ஒரு நிதானத்தை நான் அதற்குப் பிறகு எவரிடமும் காணவில்லை.

தொப்பைக்குக் கீழே ஏணி வைத்தார்கள். பந்தல்காரரிடம் கயிறு கோக்கிற பித்தளை வளையம் ஒன்று கேட்டேன். உள்ளங்கையளவு. இழுபட்டு நிற்கிற துணியை வெட்டினால் வெட்டு ஓடும். ஆனால் பொத்தான் துளைக்குச் சுற்றிக் காஜா எடுத்துவிட்டு நடுவை வெட்டினால், எத்தனை தரம் இழுத்தாலும் கிழியாது. அந்தத் தையல் வேலை செய்யுமா, முந்நூறு லீட்டரோ நானூறோ மேலே நிற்கும்போது, எனக்குத் தெரியாது. வேறு வழியும் தெரியாது.

வளையத்தைத் தொப்பையின் அடியில் வைத்து, தடித்த நூலால் காஜாத் தையலாகச் சுற்றித் தைக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு ஊசித் துளையாலும் தண்ணீர் கையில் வழிந்து கக்கத்தால் இறங்கியது. துணி உயிருள்ள வயிறு மாதிரி முகத்துக்கு மேலே அசைந்தது. மதிலில் இருந்து பூச்சு உதிர்வது கேட்டது. பந்தல்காரர் ஏணியையும் பிடித்துக்கொண்டு, தோளால் மதிலையும் முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு இருக்கு?"

"பாதி."

"சுருக்கா தைங்க தங்கச்சி."

"சுருக்காத் தைச்சால் விட்டுப்போகும் அண்ணன்."

தையல்களை எண்ணினேன். நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றாவதை முடிச்சுப் போட்டு, சமையலுக்கு வைத்திருந்த பெரிய கிடாரத்தை எனக்கு நேர் கீழே இழுக்கச் சொன்னேன். நூல் வெட்டியின் முனையை வளையத்தின் நடுவில் வைத்தேன். மற்றக் கையால் வளையத்தைப் பிடித்தேன். அழுத்தினேன்.

தண்ணீர் என் தோளில் அடித்து, ஏணியோடு என்னைச் சரித்தது. பந்தல்காரர் பிடித்துக்கொண்டார். பிறகு அது ஒரே தாரையாக, கையளவு தடிப்பில், கிடாரத்துக்குள் இறங்கியது. வெட்டு ஓடவில்லை. வளையம் வளையமாகவே நின்றது. தொப்பை மெல்ல மெல்ல மேலேறியது. கிடாரம் நிரம்பி வழிய, வாசல் பக்கம் தண்ணீர் ஓடியது. அந்தச் சத்தத்தில் கெட்டிமேளம் தொடங்கியதுகூட எனக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது தாலி கட்டியாகியிருந்தது.

விருந்து முடிந்து ஆட்கள் குறைந்ததும், ஈரச் சாறியோடு முதலாளியிடம் போனேன். ஒரு கதிரையில் மாலையைக் கழற்றிவைத்துவிட்டு இருந்தார். புதன்கிழமை முதல் என்ன நடந்திருக்க வேண்டும், எது நடக்கவில்லை, சனிக்கிழமை பின்னேரமே எனக்கு இது தெரியும் என்பதையெல்லாம் சொன்னேன். பந்தல்காரர் என் பின்னால் நின்று, "நானுந்தான் பேசாம இருந்தேன் முதலாளி," என்றார்.

அவர் மதில் பக்கத்துக் காலிக் கதிரைகளைத் திரும்பிப் பார்த்தார்.

"துணி வியாபாரிக்கு நாற்பது வருஷமா துணி தெரியும்," என்றார். "என்கிட்ட சொல்லியிருந்தா எனக்கு விளங்கியிருக்காதா? அந்த வரிசையில என் தங்கச்சி பேரப்பிள்ளையோட உக்காந்திருந்தா."

கதிரையை விட்டு எழும்பினார்.

"பக்கத்து வீட்டுக்குப் போய் மதிலைப் பத்தி நீங்களே சொல்லுங்க. உங்களுக்காக வேற ஆள் சொல்ல வேணாம்."

பக்கத்து வீட்டில் இருந்தவர் ஓய்வுபெற்ற முஸ்லிம் ஆசிரியர். பிளவைத் தடவிப் பார்த்து, நல்லாத்தான் ஏசினார். அவர் ஏசியது சரி. அந்தக் கிழமையே பந்தல்காரர் மேசன் பிடித்து அந்தத் துண்டு மதிலை உடைத்துக் கட்டிக் கொடுத்தார். வேலை நடந்த மூன்று நாளும் நான் போய் நின்றேன். முதலாளி வீட்டிலிருந்து அதற்குப் பிறகு எனக்குத் தையலும் வரவில்லை, அழைப்பும் வரவில்லை. மகள் மட்டும் கனடாவுக்குப் போவதற்கு முன் ஒருநாள் மாடியேறி வந்து, கலியாணப் படமொன்று தந்துவிட்டுப் போனாள். படத்தில் பந்தல் இல்லை. இரண்டு முகங்கள்தான்.

ஒரு மாதம் கழித்துப் பந்தல்காரர் வெள்ளவத்தைக்கு வந்தார். மட்டக்குளியில் ஒரு பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு நிழல் கேட்கிறார்களாம். தறப்பாளுக்குக் கீழே பிள்ளைகள் வெந்துபோகிறார்களாம்.

"தைப்பீங்களா?"

 முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து பித்தளை வளையங்கள் ஆறை எடுத்து மேசையில் வைத்தார். "தண்ணி நிக்கக்கூடிய இடத்தில எல்லாம் முன்னமே வச்சுத் தைச்சிடுவோம்," என்றார்.

"நாலு நாள் வேணும் அண்ணன். தொங்கவிட்டு, நனைச்சு. ஒரு நாள் குறைஞ்சாலும் நான் கட்ட விட மாட்டன். போட்டி நடத்துறவைக்கும் இதை நானே சொல்லுவன்."

"சொல்லுங்க."

துணியை அவருடைய முற்றத்தில் ஏற்றித் தண்ணீர் அடித்தோம். மூன்றாம் நாள் பின்னேரம் நான் ஏணியில் நின்று அளவு நாடாவைப் பிடித்தேன். குறுக்குத் துண்டு இரண்டே கால் அங்குலம் இறங்கியிருந்தது.

"முடிஞ்சுதா?" என்று கீழிருந்து கேட்டார்.

"இல்லை," என்றேன். "இன்னும் இறங்குது."

அவர் தண்ணீர்க் குழாயைத் திரும்பத் திறந்தார்.